வயது போன பிறகு அனிமே பார்க்கத் தொடங்கியவர்கள் இருக்கிறீர்களா?

கடற்கரைவீதியான்:

திருகோணமலை டவுன்தான். வயது நாற்பதை எட்டப் போகிறது, வேலை, வீடு, ஒரு மகள், இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கேள்வி அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன், பற்றியது, சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

சமாதானக் காலத்தில், 2002, 2003 அளவில், பக்கத்து வீட்டில் டிஷ் பூட்டினார்கள். பின்னேரம் ரியூசன் முடிந்ததும் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நேரே அவர்கள் ஹோலுக்குள் போய்விடுவோம், கார்ட்டூன் நெட்வொர்க்கில் டிராகன் பால் இசட். ஆங்கிலத்தில் ஓடும், பாதி விளங்காது, விளங்கத் தேவையும் இல்லை, கதாநாயகன் கோக்கு கத்தினால் நாங்களும் கத்துவோம். பிறகு ஏ.எல்., வேலை, கல்யாணம் என்று அது அப்படியே விட்டுப்போனது.

அண்மையில் மகளுக்கு ஷின்சான் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தபோது பழைய ஆசை வந்து டிராகன் பால் இசட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். முடியவில்லை. நமேக் கிரகம் இன்னும் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீசா சொல்கிறான், அந்த ஐந்து நிமிடம் எபிசோட் எபிசோடாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆளை ஆள் முறைக்கிறான், கல் மேலே எழும்புகிறது, திரும்பவும் முறைக்கிறான். இதையா மூச்சு விடாமல் பார்த்தோம்?

சரி, இது நமக்கு முடிந்த கதை என்று விட்டிருப்பேன், வேலை இடத்தில் ஒரு தம்பி ஃப்ரீரன் என்ற தொடரைப் பார்க்கச் சொன்னான். அதில் அசுர ராஜாவைக் கொன்று முடித்து வீரர்கள் ஊர் திரும்புகிற இடத்தில்தான் கதையே தொடங்குகிறது. பத்து வருடம் ஒன்றாகத் திரிந்த கூட்டம் பிரிகிறது. கதாநாயகி ஃப்ரீரன் ஆயிரக்கணக்கான வருடம் வாழ்கிற இனம், அவளுக்குப் பத்து வருடம் ஒரு பொருட்டே இல்லை, ஐம்பது வருடம் கழித்து ஆறுதலாக வந்து பார்க்கிறாள், கூடத் திரிந்த ஹிம்மல் கிழவனாகிவிட்டான், பிறகு செத்தும் போகிறான். செத்தவீட்டில் நின்று அழுகிறாள், இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் இந்த மனிதனைப் பற்றி ஒன்றும் கேட்டு வைக்கவில்லையே என்று. முதல் எபிசோடே இதுதான். அடுத்த நாள் காலை ஒரு காரணமும் இல்லாமல் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

இப்போது பிரச்சினை, அடுத்து என்ன பார்ப்பது. இணையத்தில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் பதினைந்து வயதுப் பெடியன், அவனுக்குள்ளே ஒரு பேய், அவன் கத்துகிறான். இன்னும் சிலதில் பெண்பிள்ளைகளை வரைந்திருக்கிற விதத்துக்கு, மகள் அறைக்குள் வர முதல் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. மனைவி வேறு, உங்களுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து வர்ணம் தீட்டுகிற கொப்பி ஒன்று வாங்கவா என்று கேட்கிறா.

எங்கள் வயதுக்காரர் பார்க்கிற மாதிரி, கதை முடிந்த, சத்தம் குறைந்த எதையாவது சொல்லுங்கள். சின்ன வயதில் பார்த்ததை இப்போது பார்த்து வேறு மாதிரித் தெரிந்த அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள்.

உவர்மலை டீச்சர்:

தம்பி, பட்டியல்களை விடுங்கள். தக்காஹதா இசாவோ என்ற இயக்குநரின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்லி என்ற அனிமேப் பட ஸ்டூடியோவின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் மியாசாகியைத்தான் சொல்வார்கள், அவரும் பெரிய ஆள்தான், ஆனால் வயது வந்தவர்களுக்குப் படம் எடுத்தவர் தக்காஹதா.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ் 1988இல் வந்த படம், மை நெய்பர் டொட்டோரோவோடு ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள், டொட்டோரோ பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போன தாய் தகப்பனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 1945, கோபே நகரத்தில் குண்டு விழுகிறது, தாய் சாகிறாள், பதினாலு வயது செய்டாவும் நாலு வயதுத் தங்கச்சி செட்சுகோவும் சொந்தக்கார மாமி ஒருவர் வீட்டில் போய் இருக்கிறார்கள். கம்பஸ் காலத்தில் சிநேகிதியின் டிவிடியில் இதைப் பார்த்தபோது அந்த மாமியைப் போல ஒரு கொடுமைக்காரி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். பிள்ளைகளின் தாயுடைய கிமோனோவை விற்று அரிசி வாங்குகிறா, தன் வீட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறும் இதுகளுக்குக் கஞ்சியும் ஊற்றுகிறா.

இந்த வருடம் திரும்பப் பார்த்தேன். இடையில் 2006 வந்து போய்விட்டது. மூதூரில் சண்டை தொடங்கி எங்கள் வீட்டுக்கு அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா குடும்பத்தோடு வந்து தங்கியபோது, பின்னேரமானால் அம்மா அரிசி வாளியைத் திறந்து வைத்துக்கொண்டு அரிசி அளக்கிற சுண்டைக் கையில் பிடித்தபடி நிற்பா. இரண்டரையா மூன்றா என்று. ஒருவரையும் ஒரு சொல் பேசவில்லை, ஆனால் சுண்டை வழித்து மட்டம் தட்டிப் போடுகிற சத்தம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். அந்த மாமி சட்டியின் அடியில் இருந்து அள்ளுகிறதா மேலே இருந்து ஊற்றுகிறதா என்று படம் காட்டுகிறபோது நான் இந்த முறை அவவுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்டாவையும் அப்படித்தான். தாய் விட்டுப்போன 7000 யென் வங்கியில் கிடக்கிறது. வேலைக்கும் போகவில்லை, பள்ளிக்கும் போகவில்லை, குண்டுக்குப் பதுங்குகிற குகை ஒன்றில் தங்கச்சியோடு தனிக்குடித்தனம் போகிறான். கமக்காரர் ஒருவர், போய் மாமியிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அங்கேயே இரு என்று புத்தி சொல்கிறார், கேட்கிறானா? போர் எதிர்ப்புப் படம் என்று உலகமே சொல்ல, தக்காஹதா மட்டும் அப்படி இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது வயதில் ஒகயாமாவில் குண்டு வீச்சுக்குள் ஓடித் தப்பிய மனிதர் அவர், எனவே அதைச் சும்மா சொல்லியிருக்க மாட்டார். 2024 செப்டம்பரில் இருந்து நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது, மகளோடு இருந்து பார்க்க வேண்டாம்.

அழ மனமில்லை என்றால் அவருடைய இன்னொரு படம், ஒன்லி யெஸ்டர்டே, 1991. தைகோ என்று 27 வயதுப் பெண், டோக்கியோவில் அலுவலக வேலை, லீவு எடுத்துக்கொண்டு யமகதா கிராமத்துக்குக் குசும்பாப் பூப் பறிக்கப் போகிறா. போகிற வழியெல்லாம் ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வருகிறது. இவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை, மந்திரம் இல்லை. வீட்டில் முதல் தடவையாக ஒரு முழு அன்னாசி வாங்குகிறார்கள், எப்படி வெட்டுவது என்று ஒருவருக்கும் தெரியாது, ஒருநாள் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், பிறகு வெட்டி எல்லோரும் மரியாதையாகக் கடிக்கிறார்கள், பழுக்கவில்லை. அக்காமார் வாழைப்பழம்தான் திறம் என்று எழும்பிப் போக, சின்னவள் மட்டும் பிடிவாதமாகத் தின்றுகொண்டிருக்கிறாள். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு அன்னாசி தின்கிற ஊரில் இருந்து இதைப் பார்க்கத் தனிச் சிரிப்பு.

நான் படிப்பிக்கிறது கணிதம், அதனால் எனக்குப் பிடித்த இடம் வேறு. மூன்றில் இரண்டை நாலில் ஒன்றால் வகு என்று ஒரு கணக்கு. தலைகீழாக்கிப் பெருக்கு, அவ்வளவுதானே என்கிறா அக்கா. தைகோ ஒரு அப்பிள் படம் கீறி வைத்துக்கொண்டு, மூன்றில் இரண்டு அப்பிளை நாலில் ஒன்றால் பிரிக்கிறது என்றால் என்ன, எப்படி விடை பெரிதாகிறது என்று கேட்கிறாள். பிள்ளைக்கு மூளையில் ஏதும் குறையோ என்று வீட்டில் கதை போகிறது. உண்மையில் அந்த வீட்டிலேயே கணக்கைப் பற்றி யோசித்தது அவள் ஒருத்திதான். அடுத்த நாள் வகுப்பில் பின்ன வகுத்தலைத் திரும்ப முதலில் இருந்து தொடங்கினேன்.

கிண்ணியா நானா:

மச்சான், நமேக் ஐந்து நிமிடத்துக்குக் காரணம் இருக்கு. டிராகன் பால் அப்போது வாரப் பத்திரிகையில் மங்காவாக, அதாவது படக்கதையாக, வந்துகொண்டிருந்த கதை. டிவியில் வாராவாரம் ஓடுகிறபோது மங்காவை எட்டிப் பிடித்துவிடும், பிடித்தால் அடுத்த வாரம் காட்ட ஒன்றும் இல்லை, அப்போது என்ன செய்வது, முறைக்க விடுவதுதான். அப்படித்தான் 291 எபிசோட் ஆனது. 2009இல் அவர்களே வெட்டிச் சுருக்கி காய் என்ற பெயரில் திரும்ப விட்டார்கள், ஆசை விடவில்லை என்றால் அதைப் பார்.

பட்டியல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதுக்கும் அதே மாதிரிக் காரணம்தான். டிராகன் பால், நருட்டோ, ஒன் பீஸ் எல்லாம் ஷோனன் ஜம்ப் என்ற ஒரே பத்திரிகையில் வந்தவை, அது பெடியன்களுக்கான பத்திரிகை. பெரியவர்களுக்கென்று அங்கே வேறு பத்திரிகைகள் இருக்கு, அதில் வந்த கதைகளைத் தேடு. மொன்ஸ்டர் அப்படி ஒன்று, 74 எபிசோட், கதை முடியும். ஜெர்மனியில் ஒரு ஜப்பான் மூளை டொக்டர், நகர மேயரை விட்டுவிட்டு முதலில் வந்த சின்னப் பெடியனுக்கு ஒப்பரேஷன் செய்து காப்பாற்றுகிறார், வேலையில் பதவி போகிறது, ஒன்பது வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பெடியன் கொலைகாரன். யாரும் பறக்க மாட்டார்கள். ஆனால் நடுவில் இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் மாதிரி எனக்கு எல்லாம் கலை என்று தெரியவில்லை, மன்னிக்க வேண்டும். இப்போது வருகிறதில் முக்கால்வாசி குப்பை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டமாக வந்து இறங்கும், 12 எபிசோட், கதை பாதியில் நிற்கும், மிச்சம் தெரிய வேண்டும் என்றால் புத்தகம் வாங்கு. நாம் பார்த்தது முழு நீள விளம்பரம். ஆகவே தொடங்க முதல் முடிந்ததா என்று பார், முடியவில்லை என்றால் தொடாதே.

இதற்கு ஒரு விதிவிலக்கு விடுவேன் என்றால் வின்லன்ட் சாகா. முதல் சீசன் முழுக்க வைக்கிங் சண்டை, ரத்தம், பழிவாங்கல், நீ கத்தல் என்று சொல்கிற எல்லாம் இருக்கு. இரண்டாம் சீசனில் அதே தோர்ஃபின் அடிமையாக ஒரு பண்ணையில் நிற்கிறான். காடு வெட்டி, மர அடிக்கட்டை கிளப்பி, மண்ணைப் பதப்படுத்திக் கோதுமை விதைக்கிறான். எபிசோட் கணக்கில் அதுதான் நடக்கிறது. சண்டை எங்கே என்று பெடியன்கள் இணையத்தில் கத்தினார்கள். எங்கட வாப்பா, டிவி பக்கமே திரும்பாதவர், வயலுக்குப் போய் வந்து சாரத்தோடு கதவடியில் நின்று முழு எபிசோட் பார்த்துவிட்டு, வேர் வெட்டிக் கிளப்புகிறான் பார், சரியாகச் செய்கிறான் என்றார். மொழியும் தெரியாது, கதையும் தெரியாது.

சீனன்குடா:

ஊர்க்காரர் இவ்வளவு பேர் இருந்தும் த விண்ட் ரைசஸ் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, ஆச்சரியம்.

1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலைக்கு மேல் வந்தன. அகாகி உட்பட 5 விமானந்தாங்கிக் கப்பல்கள், நான்கு நாளைக்கு முதல் கொழும்பு, பிறகு இங்கே. குண்டு போட வந்த விமானங்களுக்குக் காவலாக வந்தவை சீரோ விமானங்கள். எங்கள் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற காட்டுக்குள் ஒரு தாங்கி மட்டும் குலைந்து கிடக்கும், ஜப்பான் விமானம் ஒன்று மோதி எரிந்தது என்று ஊரில் சொல்வார்கள். அம்மப்பா அப்போது சின்னப் பெடியன், புகை நாள் கணக்கில் நின்றதைச் சொல்லிக்கொண்டே இருப்பார், கதையில் எங்களுக்குப் பிடித்தது அந்த விமானம்தான்.

அந்தச் சீரோவை வடிவமைத்த ஹொரிகோஷி ஜிரோவைப் பற்றியதுதான் படம், மியாசாகி, 2013. வாழ்க்கைக் கதையில் பாதி கற்பனை. ஜிரோ மத்தியானம் சாப்பிடுகிறபோது தட்டில் கிடக்கிற மீன் முள்ளைத் தூக்கிப் பிடித்து, பார் என்ன வடிவான வளைவு என்கிறான், அதில் இருந்து இறக்கைக்குப் போகிறான். மீனைத் தின்று முள்ளைப் பூனைக்குப் போடுகிற எனக்கு அந்த இடம் பிடித்தது, உடனேயே வயிற்றைப் பிசைந்தது, இந்த வளைவுதான் 42இல் எங்கள் தலைக்கு மேல் வந்தது. படம் ஜிரோவை மன்னிக்கிறதா இல்லையா என்று இன்னும் என்னால் தீர்க்க ஏலாது. மியாசாகியின் தகப்பன் வீட்டுத் தொழிற்சாலையில் அதே சீரோவுக்குப் பாகங்கள் செய்தார்கள், அவரும் தீர்த்திருக்க மாட்டார் போல. ஒன்று கவனியுங்கள், விமான இயந்திரச் சத்தமும் 1923 பூகம்பத்தின் உறுமலும் மனிதர்கள் வாயால் செய்தவை. ஹெட்போன் போட்டுக் கேட்டால் பூமி மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

இதற்குப் பிறகு பார்க்க வேண்டியது இன் திஸ் கோர்னர் ஒஃப் த வேர்ல்ட், 2016, இயக்குநர் கத்தாபுச்சி. ஹிரோஷிமாவில் இருந்து சுசு என்ற பெண் கல்யாணம் கட்டிக் குரேக்கு வருகிறா, குரே கடற்படைத் துறைமுகம், மலை, கீழே குடா, குடாவுக்குள் போர்க்கப்பல்கள். எங்கள் ஊர்தான் என்று வையுங்கள். சுசுவுக்குப் படம் கீறுகிற பழக்கம். ஒருநாள் மலையில் இருந்து கப்பல்களைக் கீறிக்கொண்டிருக்க இராணுவப் பொலிஸ் பிடித்துவிடுகிறது, உளவாளி என்று. வீடு வரை இழுத்து வந்து எல்லோரையும் நிறுத்தி வைத்து ஏசுகிறார்கள், வீட்டுக்காரர் தலையைக் குனிந்து கேட்கிறார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் மாமியாருக்கு அடக்க முடியாத சிரிப்பு, இந்த மறதிக்காரி உளவாளியா என்று. துறைமுகத்தைப் பார்த்துக் கமெராவைத் தூக்கிய குற்றத்துக்குச் சென்ரியில் அரைநாள் நின்றவர்கள் இங்கே எத்தனை பேர். பிறகு வீட்டுக்கு வந்து நாங்களும் இப்படித்தான் சிரித்தோம்.

குண்டு விழுகிறதும் காட்டுவார்கள், ஆனால் படத்தில் கூட நேரம் அடுப்படிதான், பங்கீட்டு அரிசி குறையக் குறைய வழியில் முளைக்கிற கீரை, பூண்டு எல்லாம் பறித்துச் சமைக்கிறா. அரிசியை வறுத்து ஊறப்போட்டு ஊதப்பண்ணி, கூடச் சோறு மாதிரிக் காட்டுகிற ஒரு சமையல் இருக்கிறது, வீடே ஆவலாகக் குந்தி ஒரு வாய் வைக்கிறது, முகங்களைப் பார்க்க வேண்டும்.

திருக்கடலூர்:

எல்லோரும் நல்லாகச் சொன்னீர்கள். நான் ஒரு எச்சரிக்கைக்காக மட்டும் எழுதுகிறேன். சுசுமே என்று 2022இல் வந்த படத்தைக் கனபேர் காதல் படம், கதிரை ஓடுகிற படம், பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று சொல்வார்கள். கதிரை ஓடுகிறது உண்மை, மூன்று கால் கதிரை. ஆனால் உள்ளே இருக்கிறது 2011 மார்ச் 11, ஜப்பான் சுனாமி. கதாநாயகி நாலு வயதில் தாயைப் பறிகொடுத்தவள். சின்ன வயதில் எழுதின நாட்குறிப்பைத் திறக்கிறாள், அந்தத் தேதி வந்ததும் பக்கம் பக்கமாகக் கறுப்புக் கிரேயோன். ஜப்பானிலேயே படத்தில் பூகம்ப எச்சரிக்கைச் சத்தம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்துத்தான் காட்டினார்கள்.

அலையைக் காட்டி வித்தை காட்டவில்லை, அதற்காகவே இயக்குநர் ஷின்காய் மேல் மரியாதை. கடைசியில் அன்றைய காலை வீட்டை விட்டு இறங்குகிறவர்களின் குரல் வரிசையாக வருகிறது, போயிட்டு வாறன், போயிட்டு வாறன் என்று. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா. எங்கள் ஒழுங்கையில் அன்று காலை சந்தைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல படம். தெரிந்துகொண்டு பாருங்கள், வீட்டில் யாராவது இழந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடற்கரைவீதியான்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. திருக்கடலூர் தம்பி, நீங்கள் எழுதாவிட்டால் இந்த வார இறுதியில் சுசுமேயைத்தான் மகளோடு போட்டிருப்பேன், கதிரைப் படத்தைப் பார்த்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவிக்கு இரண்டு வழி இருக்கு என்று காட்டினேன், மீன் முள்ளா அன்னாசியா என்று. அன்னாசி என்றா. சீனன்குடா அண்ணையின் இரண்டு படமும் நான் இரவில் தனியப் பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஜப்பான் குரலில் ஆங்கில எழுத்தோடு பார்ப்பதா, இல்லை ஆங்கில டப்பிங்கா? தமிழ் டப்பிங்கும் சிலதுக்கு இருக்கிறதாமே.

கிண்ணியா நானா:

தமிழ் டப்பிங் இப்போது வருகிறது, சோலோ லெவலிங் எல்லாம் க்ரஞ்சிரோல் என்ற அனிமேத் தளத்தில் தமிழில் இருக்கு, ஆனால் அது பெடியன்கள் பார்க்கிற வகை, அடிதடி. உனக்குச் சொன்ன படங்களுக்கு ஜப்பான் குரல்தான். ஒன்லி யெஸ்டர்டேயில் பெரிய தைகோ வருகிற பகுதிகளுக்குக் குரலை முதலில் பதிந்துவிட்டு அதற்குப் பிறகு முகத்தைக் கீறியிருக்கிறார்கள், சிரிக்கிறபோது கன்னத்தில் கோடு விழுகிறதைப் பார், வேறு குரல் போட்டால் அது பொருந்தாது. கலையைப் பற்றி நான் சொல்கிறேன் என்று டீச்சர் சிரிக்க வேண்டாம்.

மற்றது, உன் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் நடுச்சாமத்துக்குப் பிறகு போனில் இறக்கி வைத்துவிட்டு அடுத்த நாள் பார். பகல் டேட்டாவில் மொன்ஸ்டர் 74 எபிசோட் ஓட்டினால் மாசம் பத்தாம் தேதிக்கே முடிந்துவிடும்.